குடுவைச்செடியும் என் தோழனும்

கல்லூரித் தாயின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டெழுதியபொழுது முதலில் தயங்கினேன். விளையாட்டிற் பெயர் பெற்றவனல்லேன். மேடையேறிப் பேசிப் பரிசு பெற்றவனுமல்லேன். கல்லூரி நாட்களை நினைக்குந்தோறும் என் மனக்கண்முன் முதலில் தோன்றுவது, ஆய்வுகூடத்தின் பின்புறத்தே கிணற்றடியில் நின்ற ஒரு கொடியேயாகும். அதனைக் கொண்டுவந்தவன் என் தோழன். அதனைக் கொன்றவன் நான். அவ்விருவர் கதையையும் அக்கொடியின் கதையையும் சேர்த்தே எழுதுகின்றேன். தாவரவியல் சற்றுக் கூடுதலாகக் கலந்துவிடின், முப்பது ஆண்டுகள் அப்பாடத்தைக் கற்பித்த ஒருவனுடைய பழக்கதோஷமென்று வாசகர் பொறுத்தருள்வாராக.

1966ஆம் ஆண்டு எங்கள் வகுப்பிற் புதிதாக ஒருவன் வந்து சேர்ந்தான். எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றிற் பால்வெட்டும் தொழிலாளியின் மகன். கண்டிக் கடைத்தெருவிற் கடையொன்றிலே வேலை பார்த்த தாய்மாமனின் வீட்டில் தங்கிப் படித்தான். அதிகம் பேசமாட்டான், கேட்டதற்கு விடை சொல்வான். விடுமுறைக்கு ஊருக்குப் போய் மீளும்பொழுதெல்லாம் மரவள்ளிக்கிழங்குக் கட்டொன்றை மாமன் வீட்டுக்குச் சுமந்து வருவது அவன் வழக்கம். ஒருமுறை பஸ் பிந்தியமையால் அந்தக் கட்டோடு நேரே கல்லூரிக்கே வந்துவிட்டான். நாங்கள் சிரித்தோம். எங்கள் தாவரவியலாசிரியர் சிரிக்கவில்லை. அவர் கிழங்கையும் பார்க்கவில்லை. கிழங்கைக் கட்டியிருந்த கொடியையே குனிந்து பார்த்தார். உலர்ந்து சுருங்கிய சிறு குழாய் போன்ற ஒன்று அதன் இலைநுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“தம்பி, இது எங்கே பிடுங்கினது?” என்றார்.

“தோட்டத்து ரோட்டோரத்துலங்க சேர். வெறகு கட்டுறது இதுலதான். சிங்களத்துல பாந்துரான்னு சொல்லுவாங்க.”

“அடுத்த முறை போகும்போது வேரோடு ஒன்று கொண்டுவருவாயோ?”

கொண்டுவந்தான். மண்ணெண்ணெய்த் தகரமொன்றை வெட்டி, அக்கொடி நின்ற இடத்து மண்ணையே அதில் நிரப்பி, ஈரச்சாக்காற் சுற்றி, ஒரு நாள் முழுவதும் பஸ்ஸிலே மடியில் வைத்துக் கொண்டுவந்தான். கிணற்றடியில் வெயில் நன்கு படும் இடமொன்றில் அதை நட்டோம். நாளடைவில் அதன் இலைநுனிகளிலே குடுவைகள் தொங்கலாயின.

அக்காலத்தில் எங்களுக்கு அது பேரதிசயம். இலையின் நடுநரம்பு இலைநுனியைக் கடந்து தந்துவாக நீள்கின்றது. அத்தந்து பக்கத்துச் செடியைச் சுற்றிப் பற்றிக்கொள்கின்றது. அதன் முனை பருத்து, மேனோக்கி வளைந்து, மூடியுடன் கூடிய குடுவையாகின்றது. நாம் இலையென்று காணும் பச்சைத் தகடு இலையடி விரிந்ததேயென்றும், குடுவையே மெய்யான இலைத்தகடென்றும் தாவரவியலார் விளக்குவர். இளங்குடுவையின் வாய் முதலில் மூடியினால் இறுக அடைபட்டிருக்கும். அப்பொழுதே அதனுள் தெளிந்த நீர் சுரந்துவிடும். மழை பெய்து நிரம்பியதன்று அது. செடி தானே ஊறவைத்த நீர். பின்னரே மூடி திறக்கின்றது. திறந்த மூடி மீண்டும் மூடுவதில்லை.

இதை நான் நம்பவில்லை. பூச்சி விழுந்தவுடன் மூடி ‘டப்’பென்று சாத்திக்கொள்ளுமென எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் எறும்புகளைப் பிடித்துப் பிடித்துக் குடுவையிற் போட்டுக் காத்திருந்தேன். மூடி அசையவேயில்லை. மாலையில் அவ்வழி வந்த ஆசிரியர், “மூடி கதவன்று, தம்பி, குடை. உள்ளிருக்கும் நீரை மழை கலக்காமற் காப்பது” என்று சொல்லிப் போனார்.

குடுவையின் வாய்விளிம்பிலே மெல்லிய வரிகள் நெருங்கியிருக்கும். அங்கும் மூடியின் அடியிலும் தேன் சுரக்கும். தேனை நாடி வரும் எறும்பு ஈரமான விளிம்பிற் கால்வைத்து வழுக்குகின்றது. உட்சுவரோ ஏறவொண்ணாதது. விழுந்த பூச்சியை, புரதத்தைச் சிதைக்கும் நொதியம் கலந்த அமிலநீர் மெல்லக் கரைக்க, அதிலுள்ள நைதரசனைக் குடுவைச் சுவர் உறிஞ்சிக்கொள்கின்றது. ஒரு நாள் ஆசிரியர் முதிர்ந்த குடுவையொன்றை நீளவாட்டில் வெட்டிக் காட்டினார். அடியில் எறும்புகளின் கறுத்த ஓடுகள். நீரின் மேற்பகுதியிலே நுளம்புக் குடம்பிகள் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தன. எறும்பைக் கரைக்கும் நீர் அவற்றைக் கரைக்கவில்லை. ஒருவருக்குக் கல்லறையாகும் வீடு இன்னொருவருக்குத் தொட்டிலாகின்றதென்று அன்று வகுப்பிற் பேசிக்கொண்டோம்.

அவ்வாண்டிலேயே பேராதனைப் பூங்காவுக்கு எங்களை அழைத்துச் சென்றார் ஆசிரியர். கண்டி நகரிலிருந்து நாலு மைல். கடல்மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 1,500 அடி. மூன்று பக்கமும் மகாவலி வளைந்தோடும் நிலம். 1821இல் அலெக்சாந்தர் மூன் என்பார் அங்கே தாவரத் தோட்டத்தை நிறுவினார். மர நிழலில் எங்களை இருத்தி, எங்கள் கிணற்றடிக் கொடியின் வம்சவரலாற்றை ஆசிரியர் சொல்லலானார்.

ஒல்லாந்தர் காலத்திலே, 1670களில், பவுல் ஹெர்மன் என்ற வைத்தியர் இலங்கைக்கு வந்து, செடிகளை உலர்த்தித் தாள்களில் ஒட்டிச் சேகரித்தார். அவர் இறந்து நெடுங்காலத்தின் பின் அச்சேகரம் சுவீடன் தேசத்து லின்னேயசின் கைக்கு வந்தது. லின்னேயஸ் இலங்கையின் மண்ணை மிதித்தவரல்லர். ஆயினும் அவ்வுலர்ந்த தாள்களைக்கொண்டே 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் செய்தார். 1753இல் இக்கொடிக்கு ‘நெப்பந்தெஸ் டிஸ்ரில்லற்றோரியா’ எனப் பெயர் நிலைபெற்றது. பின்மொழி, நீரை வடித்தெடுப்பதெனப் பொருள்படும். முன்மொழி கிரேக்க மகாகவி ஹோமரின் காவியத்தினின்றும் எடுக்கப்பட்டது. துயரால் வாடியிருந்தோருக்கு ஹெலன் மதுவிற் கலந்து கொடுத்த, துயர் மறக்கச் செய்யும் மருந்தின் பெயர் அது. நெடுவழி நடந்து களைத்த தாவரவியலான் இக்கொடியைக் கண்ட கணத்திலே தன் துயரெல்லாம் மறப்பானென்பது லின்னேயசின் கருத்து.

பேராதனையின் தலைவராயிருந்த ஹென்றி ட்றைமென் இலங்கைத் தாவரங்களுக்கு விரிவான கைந்நூல் எழுதத் தொடங்கி, முடிக்குமுன் 1896இல் காலமானார். எஞ்சிய பகுதிகளை எழுதி முடித்தவர் யோசேப் ஹூக்கர். குடுவைச்செடி பூச்சிகளைச் செரிக்கின்றதென்பதை 1874இல் பெல்பாஸ்ற் நகரத்து விஞ்ஞானிகள் அவையிலே எடுத்துரைத்தவரும் அவரே. மறு ஆண்டிலே சார்ள்ஸ் டார்வின் பூச்சியுண் தாவரங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

இவ்வளவும் கேட்டபின் என் தோழன் மெல்லச் சொன்னான்: “நாங்க இதுல வெறகு கட்டுறோம் சேர்.” ஆசிரியர் அவன் முதுகிலே தட்டி, “அதுவும் வரலாறுதான்” என்றார்.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும்.

ஆகஸ்ற் விடுமுறை வந்தது. கல்லூரிக்கு அண்மையில் வசித்தவனாகையால் கொடியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் அதை மிகுந்த அன்போடு பார்த்துக்கொண்டேன். அதுவே அதற்குக் கேடாயிற்று. வெறுங்களியும் மணலுமாய் இருந்த அந்த மண்ணைக் கண்டு எனக்கு இரக்கம் பிறந்தது. பூச்சி பிடித்துத் தின்னும் நிலைக்கு ஒரு செடி வந்ததென்றால் அதன் பசி எவ்வளவிருக்கும் என்று எண்ணினேன். மாட்டெரு கொண்டுவந்து இட்டேன். எங்கள் வீட்டு அடுப்புச் சாம்பலைத் தூவினேன். மீன் கழுவிய நீரையும் ஊற்றினேன். முதலில் இலைகள் கரும்பச்சையாய்ப் பருத்தன. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறகு வந்த இலைகளின் நுனியிற் குடுவை உண்டாகவேயில்லை. தந்து வெறுமனே நீண்டு காய்ந்தது. விடுமுறை முடியுமுன் வேரடி கறுத்து, கொடி முழுவதும் சாய்ந்துவிட்டது.

தவணை தொடங்கிய நாளிலே தோழன் வந்து பார்த்தான். குனிந்து மண்ணை எடுத்து முகர்ந்தான். அவன் கோபிப்பான் என எதிர்பார்த்தேன். அவன் சொன்னது இவ்வளவுதான்: “இது பாவப்பட்ட மண்ணுல வளர்ற கொடி மச்சான். ஒண்ணும் குடுக்கவேணாம். இருக்கிறத எடுக்காம இருந்தாப் போதும்.”

அவன் சொன்னது முற்றிலும் உண்மையென்பதைப் பின்னாளிற் பல்கலைக்கழகத்திலே கற்றேன். இச்செடியின் வேர் மிகச் சிறியது. நைதரசன் வறண்ட, அமிலத்தன்மையுள்ள மண்ணுக்கே பழகியது. செழித்த மண்ணில் வேரின்வழி உணவு மிகுந்து வரின், செடி குடுவை செய்வதை நிறுத்திவிடும். சாம்பலின் காரமும் எருவின் உப்பும் மென்மையான வேரைச் சுட்டுவிடும். வறுமையைக் குறையென்று கண்டவன் நான். அச்செடியோ அவ்வறுமையைக்கொண்டே தன் வாழ்வை அமைத்திருந்தது. பூச்சியுண்பது அதன் கொடுமையன்று. வேறெந்தச் செடியும் செழிக்க முடியாத மண்ணிற் பிழைப்பதற்கு அது கண்ட வழி.

அவ்வாண்டு மார்கழி விடுமுறையில், தந்தையாரிடம் அனுமதி பெற்று, தோழனோடு அவன் தோட்டத்துக்குச் சென்றேன். பஸ் கம்பளை, நாவலப்பிட்டி கடந்து கினிகத்தேனைக்கு ஏறி, அங்கிருந்து கித்துல்கலைப் பள்ளத்தாக்கை நோக்கி வளைந்து வளைந்து இறங்கியது. கண்டியின் காற்றுக்கும் அவ்விடத்துக் காற்றுக்கும் உள்ள வேற்றுமையை உடலே உணர்ந்தது. ஈரத்துணியைப் போர்த்தியது போன்றிருந்தது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈரவலயம் அது. இலங்கையின் தென்மேற்கிலுள்ள இவ்வலயத்தின் தாழ்நிலங்களிலும், அடிவாரக் குன்றுகளில் ஏறக்குறைய 700 மீற்றர் உயரம் வரையிலுமே இக்கொடி இயல்பாக வளர்கின்றது. உலகில் வேறெங்கும் இவ்வினம் இல்லை.

லயத்துக்குப் போகும் வழியிலே, தெருவுக்காக வெட்டிய செம்மண் மேட்டில் நீர் கசிந்துகொண்டிருந்தது. மேல்மண் முழுவதும் கழுவுண்டு போய், கெகில்ல என்று சிங்களவர் வழங்கும் பன்னம் மாத்திரமே அடர்ந்திருந்தது. அப்பன்னத்தின்மேல் ஏறிப் படர்ந்து, நூறு நூறு குடுவைகளைத் தொங்கவிட்டு நின்றது பாந்துரா. சில பச்சை, சில செம்மை படர்ந்தவை. எங்கள் கிணற்றடியில் ஒற்றையாய் ஏங்கி நின்றதை அங்கே குடும்பமாகக் கண்டேன்.

பூவையும் அங்கேதான் முதன்முதலிற் பார்த்தேன். குடுவையையே பூவென்று நினைப்பார் பலர். உண்மைப் பூவோ இதழற்றது, மிகச் சிறியது, கிளைத்த நீண்ட தண்டில் நெருங்கிப் பூப்பது. ஆண்பூ ஒரு கொடியிலும் பெண்பூ மற்றொரு கொடியிலும் இருக்கும். வெடித்த காயிலிருந்து மயிர்போன்ற நுண்ணிய விதைகள் காற்றிற் பறக்கின்றன. ஆதலால், எங்கள் கொடி நான் எரு இடாது பிழைத்திருந்தாலும், தனித்து நின்று ஒருநாளும் விதை தந்திராது. ஒரு செடியைப் பிடுங்கி வந்தால் அதன் வமிசத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டதாக நினைப்பது பேதைமை.

அன்றிரவு லயத்தின் ஒற்றையறையிலே, அவன் பெற்றோரும் தங்கையர் இருவரும் படுக்க, எனக்கு மாத்திரம் பாய்க்குமேற் புதிய போர்வை விரித்துத் தந்தார் அவன் தாயார். அந்தப் போர்வை யாருக்காக வாங்கி வைக்கப்பட்டதென்று நான் கேட்கவில்லை.

வாசகர் பலரும் அறிந்த செய்தியொன்றை இவ்விடத்திலே கூறவேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர் பேசுவது. என் தோழனின் பாட்டனார் காலத்திலேயே கடல் கடந்து வந்த குடும்பம் அது. இந்தியாவை அவனும் கண்டதில்லை, அவன் தந்தையாரும் கண்டதில்லை. ஆயினும் அவர்கள் பெயர் முதற்றொகையில் அடங்கிற்று.

1970ஆம் ஆண்டு, உயர்தர வகுப்புப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கையில், அவர்கள் புறப்பட்டார்கள். கண்டிப் புகையிரத நிலையத்துக்குச் சென்றிருந்தேன். தலைமன்னாருக்குப் போகும் அந்த வண்டியை மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று சொல்வர். ஏனென்பதை அன்று கண்டேன். அவன் அழவில்லை. தன் தாவரவியற் குறிப்புப் புத்தகத்தை என் கையிற் தந்து, “நீ வச்சுக்க மச்சான், எனக்கு அங்க வேற பாடம்” என்றான்.

இரண்டு ஆண்டுகளின் பின் நீலகிரியிலிருந்து கடிதமொன்று வந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை, குளிர், சம்பளம், தங்கைக்குத் திருமணம். இவற்றுக்குப் பின்னர் ஒரு பகுதி செடியைப் பற்றியது. மலைப்புல்வெளியின் ஈரமான சரிவிலே சாண் உயரச் செடியொன்றைக் கண்டானாம். பிறை வடிவான சிற்றிலைகளின் ஓரமெல்லாம் செம்மயிர், ஒவ்வொரு மயிர்நுனியிலும் வெயிலிலும் உலராத ஒரு துளி, துளியிலே ஒட்டிய சிறு பூச்சி, உச்சியில் வெண்பூ. “இதுவும் நம்ம பாந்துரா சாதியா? ஆசிரியரிடம் கேட்டு எழுது” என்றிருந்தான்.

ஆசிரியரிடம் கேட்டேன். அது குடுவைச்செடியின் சாதியன்று; துரோசெரா. நூல்களிற் ‘பெல்ராற்றா’ எனக் குறிக்கப்பெற்று வந்த இனம். இக்காலத்தார் சிலர் ஆசியச் செடியை வேறினமாகவும் பிரிப்பர். இதே செடி நமது நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் புல்நிலங்களிலும் உண்டு. துரோசெராக்களின் தாழ்நிலத்து உறவினங்களைச் சித்த மருத்துவர் அழுகண்ணி என்பர். அப்பெயரால் வேறு செடியைக் கொள்வாருமுண்டு. கண்ணீர்த் துளிபோல் நிற்பது உண்மையில் பசை. பூச்சியை ஒட்டிப் பிடித்துச் செரிப்பது. வறண்ட காலத்தில் நீலகிரிச் செடியின் தண்டு மடிந்து காணாமற் போகும். மண்ணுக்குள்ளே சிறு கிழங்கு உயிரோடிருந்து, மழை கண்டதும் மீண்டும் முளைக்கும்.

இவையனைத்தையும் எழுதி அனுப்பினேன். பாந்துராவோ அங்கில்லை என்பதையும் எழுதவேண்டியிருந்தது. இந்தியா முழுவதிலும் குடுவைச்செடி ஓரினமே. அதுவும் வடகிழக்கிலே மேகாலயக் குன்றுகளிலுள்ளது. நீலகிரிக்கும் அதற்கும் இடையே பாரததேசமே கிடக்கின்றது. அவன் பதில் ஒரு வரி: “கிழங்கு உள்ள செடியாவது இருக்குதே, அது போதும்.” பின்னும் சில கடிதங்கள் வந்தன. 1983இன் கலவரத்துக்குப் பின் நான் வீடு மாறினேன், தலைமன்னார்க் கப்பலும் நின்றது, கடிதங்களும் நின்றன.

அண்மையில் அதே பாதையிற் பயணஞ் செய்தேன். அந்தச் செம்மண் மேட்டின் பெரும்பகுதி இன்று கொங்கிறீற்றுச் சுவர். தெருவை அகட்டியோரைக் குறைகூறேன், தெரு வேண்டியதே. ஆனால் பாந்துராவை அழிக்க அதனை வெட்ட வேண்டியதில்லை என்பதை அங்கே கண்டேன். கசியும் நீரை மறித்தாற் போதும்; சதுப்பை நிரப்பினாற் போதும்; மேலே நிழல்மரம் அடர்ந்தாலும் போதும். நெப்பந்தெஸ் சாதி முழுவதன் பன்னாட்டு வாணிபமும் இன்று உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது, அது நன்று. ஆயினும் நீர் கசியும் ஒரு மண்மேட்டை அதன் வறுமையோடு விட்டுவைக்க வேண்டுமென்ற அறிவை எந்த உடன்படிக்கையும் நமக்குத் தரமாட்டாது. சுவர் முடிந்த இடத்துக்கு அப்பால், பன்னத்தின்மேல், ஏழெட்டுக் குடுவைகளுடன் ஒரு கொடி நின்றது. தொடாமற் பார்த்துவிட்டு வந்தேன்.

இன்று கல்லூரியிற் பயிலும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். குடுவைச்செடியைக் காண விரும்பின் அது வாழும் இடத்துக்குச் சென்று காணுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அன்பு காட்டாதீர்கள்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். இம்மலருக்கெனத் தொகுக்கப்பட்ட பெயர்ப்பட்டியலை எனக்குக் காட்டினார்கள். அதில் என் தோழனைத் தேடினேன், காணவில்லை. பரீட்சைக்குத் தோற்றுமுன் சென்றுவிட்டமையால் விடுபட்டிருக்கலாம். அது எவர் பிழையுமன்று. அவனைப் போல் 1960களிலும் 1970களிலும் படிப்பின் நடுவிலே வண்டியேறிச் சென்றோர் வேறு சிலரும் எங்கள் வகுப்புகளில் இருந்தனர். பழைய இடாப்புகளைப் புரட்டி அவர்கள் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் இக்கல்லூரியின் மாணவரே. அவன் தந்த குறிப்புப் புத்தகம் இன்னும் என்னிடமிருக்கின்றது; அதன் முதற்பக்கத்திலே அவன் பெயரும் வகுப்பும் நம் கல்லூரியின் பெயரும் அவன் கையெழுத்திலேயே உள்ளன. சான்று வேண்டுமாயின் கொண்டுவந்து காட்டுவேன்.